அடியில் ஒரு புள்ளி

கோர்ட்டில் டவாலியாக இருக்கும் எங்கள் சம்பந்தி, போன ஆடியில் கூழ் ஊற்றின அன்றைக்கு இதை எனக்கு முதலில் சொன்னார்.

ஒரு பல்கலைக்கழக விடுதியில், சேரியிலிருந்து படிக்க வந்த பிள்ளைகளுக்கு மட்டும் தனி டம்ளராம். ஏன் என்று கேட்ட பவுன்தாய் என்ற மாணவியையும் இன்னும் நாலு பேரையும் விடுதியை விட்டே அனுப்பிவிட்டார்கள். ஐந்து பேரும் பதிவாளர் மேல் வழக்குப் போட்டார்கள். தோற்றால் படிப்பே போய்விடும். வக்கீல் வைக்க வழியில்லாமல் பவுன்தாயே வாதாடினாள்.

கூண்டில் நின்ற பதிவாளர் சிரித்தார். "எல்லா டம்ளரும் ஒண்ணுதாம்மா. தனி டம்ளர்னு நான் எழுதின ஒரு காகிதத்தைக் காட்டு, பார்ப்போம்."

காகிதத்துக்கு அவள் எங்கே போவாள்? நீதிபதியிடம் அனுமதி கேட்டு, சாட்சிக்கென்று கொண்டு வந்திருந்த, பார்க்க ஒரே மாதிரியான விடுதி டம்ளர் இரண்டையும் ஒரு சொம்புத் தண்ணீரையும் பதிவாளர் முன்னால் வைத்தாள்.

"ரொம்ப நேரமாப் பேசிட்டீங்க ஐயா. ஒரு வாய் தண்ணி குடிங்க."

அவர் ஒரு டம்ளரைக் கவிழ்த்து அடியைப் பார்த்தார். அதைத் தள்ளி வைத்துவிட்டு, மற்றதில் ஊற்றிக் குடித்தார்.

"அடியில என்ன பார்த்தீங்க?" என்றார் நீதிபதி.

நீதிபதியே அந்த டம்ளரை வாங்கிக் கவிழ்த்தார். தள்ளி வைத்த டம்ளரின் அடியில் ஆணியால் குத்தின ஒரு புள்ளி இருந்தது. ஐந்து பேரையும் விடுதியில் திரும்பச் சேர்க்க அன்றைக்கே உத்தரவானது. அந்த நேரத்தில் அவளுக்கு அதைத் தோன்ற வைத்த சாமியை நினைத்தால் எனக்கு இன்னும் உடம்பு சிலிர்க்கிறது.

உங்கள் வீட்டில் வேலைக்கு வருகிறவருக்கென்று தனி டம்ளர் இருந்தால், இன்றைக்கு அதை மற்றவற்றோடு சேர்த்துக் கழுவி வையுங்கள்.