முட்டை சேராத கட்லெட்

சென்னியப்பன் கோவையில் ஒரு நூற்பாலையில் முப்பத்தோரு வருடம் மேற்பார்வையாளராக இருந்தவர். மனைவி இறந்த பிறகு சமையலைத் தானே கற்றுக்கொண்டார். அவர் செய்யும் கட்லெட்டுக்கு உறவினர்களிடையே நல்ல பெயர்.

ஒரே மகள் சுகந்தி. பால், தயிர், நெய், முட்டை எல்லாவற்றையும் அவள் விட்டுவிட்டாள். அப்பாவுக்கு அது வேடிக்கையாக இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன் பொங்கலுக்கு வந்திருந்தபோது, அவளுக்கென்று தனியாகச் செய்ததாகச் சொல்லி ஒரு தட்டுக் கட்லெட்டை முன்னால் வைத்தார். அவள் இரண்டு சாப்பிட்டாள். நன்றாக இருக்கிறது என்றாள்.

"அதுல முட்டை இருக்குது கண்ணு," என்றார் எல்லார் முன்னிலையிலும். "ஒண்ணும் ஆயிடலையே?"

உறவினர்கள் சிரித்தார்கள். சுகந்தி எழுந்து போய் வாய் கொப்பளித்தாள். பையை எடுத்துக்கொண்டு கணவனோடு கிளம்பிப் போனாள். பிறகு வரவே இல்லை.

இப்போது அவளே போன் செய்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கம் ஒரு கல்யாணத்துக்கு வருகிறார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிட்டுப் போவார்கள்.

சென்னியப்பன் தட்டைப்பயறை வேகவைத்து, பிசைந்து, முட்டை இல்லாமல் தட்டிப் போட்டார். எண்ணெயில் விழுந்ததும் பிரிந்தது. சட்டி முழுக்கப் பயறு மிதந்தது. மூன்று முறை செய்தார். மூன்று முறையும் அப்படித்தான்.

எதிர்வீட்டு ராஜாமணி எட்டிப் பார்த்தார். "ஒரே ஒரு முட்டைய ஊத்துங்க. யாருக்குத் தெரியப்போகுது?"

சென்னியப்பன் அடுப்பை அணைத்தார். மீதி மாவைப் பாத்திரத்தோடு எடுத்துக்கொண்டு வடவள்ளிக்குப் போனார்.

அங்கே திலகவதியின் வீடு. சனிக்கிழமைகளில் பத்துப் பன்னிரண்டு பேரை அவர் தியானத்துக்கு உட்காரவைப்பார். சுகந்தியைவிட நான்கு வயதுதான் மூத்தவர். சென்னியப்பன் ஒரு வருடமாக அவரிடம் போய்வருகிறார். திலகவதியும் முட்டை, பால் எதையும் தொடுவதில்லை என்பது அவருக்குத் தெரியும்.

"முட்டை இல்லாம இது எப்படிங்கம்மா நிக்கும்?"

திலகவதி ஒரு பிடி எடுத்து இறுக்கினார். விரலிடுக்கில் தண்ணீர் கசிந்தது.

"எத்தனை விசில் விட்டீங்க?"

"ஆறு. நல்லாக் குழைஞ்சா ஒட்டும்னு."

"நாளைக்குக் காலையில ஊறவச்ச பயறோட வாங்க."

மறுநாள் போனார். திலகவதி மூன்று விசிலில் குக்கரை இறக்கினார். பயறை வடிகட்டி, வெள்ளைத் துணியில் பரப்பினார். ஈரம் வற்றும்வரை இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். பிறகு முக்கால் பங்கை மசித்தார், கால் பங்கை முழுசாகவே விட்டார். வெங்காயத்தைப் பச்சையாகப் போடாமல் வதக்கிச் சேர்த்தார். இரண்டு கரண்டி பொட்டுக்கடலை மாவு.

"பிடிங்க."

சென்னியப்பன் பிடித்தார். உருண்டை கையில் நின்றது.

"யாருக்குச் செய்யறீங்க?" என்று திலகவதி அப்போதுதான் கேட்டார்.

சென்னியப்பன் பொங்கலன்று நடந்ததைச் சொன்னார். சொல்லும்போது பயறைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

மேலே புரட்டுவதற்காக சென்னியப்பன் ஒரு பாக்கெட் ரஸ்க் தூள் கொண்டுவந்திருந்தார். அதைப் பிரிக்கப்போனார்.

"அதுல பால் இருக்கா?"

"ரஸ்க்தானுங்கம்மா. அதுல பால் எங்க வரப்போகுது?"

"படிச்சுப் பாருங்க."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். பொடி எழுத்தில், ஐந்தாவதாக, பால் பவுடர் என்று இருந்தது. பாக்கெட்டைக் கீழே வைத்தார்.

"எனக்குத் தெரியாதுங்க."

"தெரியாமயே பால் இல்லைன்னு சொல்லியிருப்பீங்க."

திலகவதி டப்பாவிலிருந்து அவலை எடுத்துக் கொடுத்தார். கொரகொரப்பாகப் பொடித்து அதில் புரட்டினார்கள். மைதாக் கரைசலில் தோய்த்து மறுபடி ஒரு முறை புரட்டினார்கள். எண்ணெயில் போட்டபோது ஒன்றுகூடப் பிரியவில்லை. சென்னியப்பனின் முகம் மலர்ந்தது. ஆறு கட்லெட்டுகளைத் தட்டில் அடுக்கி நீட்டினார்.

திலகவதி ஒன்றை எடுத்தார். "இதுல முட்டை இருக்கா?"

"இல்லீங்கம்மா."

அதைச் சாப்பிட்டுவிட்டு இன்னொன்றை எடுத்தார். "இதுல முட்டை இருக்கா?"

"இல்லீங்க."

மூன்றாவதை எடுத்தார். "இதுல?"

சென்னியப்பன் ஜல்லிக் கரண்டியை வைத்துவிட்டார். "கூடவே நின்னு பாத்தீங்கல்ல? மறுபடி மறுபடி கேட்டா என்னங்க அர்த்தம்?"

"நான் கூடவே நின்னு பாத்தேன். உங்க பொண்ணு பாக்கலையே."

சென்னியப்பன் அடுப்பைத் தணித்துவிட்டு மீதியைப் போட்டு எடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை சுகந்தியும் அவள் கணவன் நந்தகோபாலும் வந்தார்கள். சோறு, ரசம், அவரைக்காய்ப் பொரியல். நடுவில், காலையில் அதே முறையில் அவரே செய்த கட்லெட் தட்டு. முட்டை இருக்கிறதா என்று எத்தனை முறை கேட்டாலும் பொறுமையாகப் பதில் சொல்வதென்று சென்னியப்பன் தீர்மானித்திருந்தார்.

அவள் கேட்கவில்லை. தட்டைக் கணவன் பக்கம் நகர்த்தினாள். ரசத்தை ஊற்றிச் சாப்பிட்டாள்.

நந்தகோபால் நான்கு கட்லெட் சாப்பிட்டான். "நல்லா இருக்குதுங்க மாமா," என்றான். சென்னியப்பன் மகளைப் பார்த்தார். அவள் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். எடுத்துக்கோ என்ற சொல் வாய்வரை வந்தது. சொல்லவில்லை.

கை கழுவ அடுக்களைக்கு வந்தவள் மேடையில் சிந்திக் கிடந்த தூளைத் தொட்டுப் பார்த்தாள்.

"எதுலப்பா புரட்டினீங்க?"

"அவல் கண்ணு. பொடிச்சுக்கிட்டேன்."

"எப்பவும் ரஸ்க்தானே போடுவீங்க?"

"ரஸ்க்ல பால் பவுடர் இருக்குது. எனக்கே முந்தாநேத்துத்தான் தெரியும்."

சுகந்தி நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். "எத்தனை விசில்?" என்றாள்.

"மூணு."

தினசரிக் காலண்டரில் முந்தின நாள் தாளைக் கிழித்து, பின்பக்கம் எழுதிக்கொண்டாள். துணியில் பரப்புவதை எழுதினாள். வெங்காயத்தை வதக்குவதை எழுதினாள். பொட்டுக்கடலை மாவு எத்தனை கரண்டி என்று கேட்டு எழுதினாள். கட்லெட்டை டப்பாவில் போட்டுத் தரட்டுமா என்று அவர் கேட்டார். வேண்டாம் என்றாள். மூன்று மணிக்குக் கிளம்பிவிட்டார்கள்.

திங்கட்கிழமை சென்னியப்பன் வடவள்ளிக்குப் போனார். திலகவதி துணி உலர்த்திக்கொண்டிருந்தார்.

"அவ சாப்பிடலீங்கம்மா. ஒண்ணுகூடத் தொடலை. ஒரு கேள்விகூடக் கேக்கலை."

"ஒண்ணுமே கேக்கலையா?"

"செய்முறைதான் கேட்டா. சொன்னேன். எழுதிக்கிட்டா."

"நீங்க சொன்னதையா எழுதினாங்க?"

"ஆமாங்க. சொல்லச் சொல்ல அப்படியே எழுதினா."

"சரிதானான்னு வேற யாருகிட்டயாவது கேட்டாங்களா?"

"இல்லீங்க."

"எழுதின தாளை என்ன பண்ணினாங்க?"

"மடிச்சுக் கைப்பையில வச்சுக்கிட்டா."

திலகவதி கையிலிருந்த துண்டை உதறிக் கொடியில் போட்டார்.

"அப்புறம் ஏனுங்க சாப்பிடலைன்னு சொல்றீங்க?"