மயில் பாக்குவெட்டிக்கு மூன்று பணம்

முன்னொரு காலத்தில் கொற்றங்குடி நாட்டை இடும்பவர்மன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவனா கெட்டவனா என்று கேட்காதீர்கள். சாப்பிட்டால் நல்லவன், பசித்தால் கெட்டவன். அவ்வளவுதான்.

ஒருநாள் தாத்தா காலத்து மயில் பாக்குவெட்டியால் பாக்கு வெட்டும்போது, அது ராஜாவின் விரலைக் கவ்விவிட்டது.

"என் அரண்மனையில் இருந்துகொண்டு என்னையே கடிக்கிறதா? போடுங்கள் இதை ஏலத்தில்!" என்று கத்தினான்.

அந்த ஊரில் பாக்குவெட்டி சேர்க்கிற பைத்தியங்கள் நிறைய. அதில் பெரிய பைத்தியங்கள் இரண்டு. ஒருவர் வரி மந்திரி சபேசர். நாற்பது வைத்திருந்தார். இன்னொருத்தி உப்பு வண்டி ஓட்டும் அங்காயி. அவளிடம் நாற்பத்தொன்று. இத்தனைக்கும் அவள் வெற்றிலையே போடமாட்டாள். உப்பு விற்கப் போகிற ஊரிலெல்லாம் ஒன்று வாங்கி, வண்டிப் பெட்டியில் போட்டுக்கொள்வாள். அவளிடம் ஒன்று கூடுதலாக இருந்ததே, அது சபேசருக்கு நெஞ்சில் முள்.

ஏலத்தன்று அரண்மனை முற்றம் நிறைந்துவிட்டது. வெள்ளிக் கொண்டை வைத்த மயிலைப் பார்த்ததும் எல்லாருக்கும் வாயூறியது. ஆனால் விலை ஏறவில்லை. ஒன்று, இரண்டு என்று நொண்டியது. அங்காயி "மூணு" என்றாள். சபேசர் "நாலு" என்றார். அப்புறம் கப்சிப். முரசு அடித்து, மயிலைச் சபேசர் கையில் கொடுத்துவிட்டார்கள்.

ராஜாவுக்கு மூக்கு சிவந்துவிட்டது. "என் தாத்தாவின் மயிலுக்கு நாலு பணமா?"

"எல்லாம் இந்த உப்புக்காரியால்தான் மகாராஜா," என்றார் சபேசர். "இவள் எவ்வளவு கேட்கிறாள் என்று பார்த்துத்தான் மற்றவர்கள் கேட்பார்கள். இவள் மூன்றோடு நிறுத்தினால் தங்கள் பாட்டனாரை அவமதித்ததாகத்தானே அர்த்தம்?"

"அப்படியா சேதி! அங்காயி, உன் நாற்பத்தொன்றும் இனி அரண்மனைக்குச் சொந்தம்!"

அங்காயி இருபது வருஷமாகச் சேர்த்தது. ஆனாலும் அழவில்லை.

"சாமி, பறிக்கிறதுக்கு முந்தி ஒரே ஒரு ஏலம். வண்டியில குதிரைப் பாக்குவெட்டி ஒண்ணு, கிளிப் பாக்குவெட்டி ஒண்ணு இருக்கு. ரெண்டும் நல்ல சாமான். நீங்களே கேளுங்க. ஆனா ராஜாவா இல்ல, எங்களை மாதிரி. மடியில பத்தே பணம். எங்களுக்கு உள்ள சட்டம்தான் உங்களுக்கும்."

"வேண்டாம் மகாராஜா, வெயில் வேறு..." என்று இழுத்தார் சபேசர்.

"நீர் சும்மா இரும்!" ராஜாவுக்கு விளையாட்டு என்றால் உயிர்.

குதிரை வந்தது. போட்டிக்கு யாரும் வாயைத் திறப்பதற்குள் ராஜா "பத்து!" என்று கத்தினான். முரசு அடித்தார்கள். குதிரையை எடுக்கக் கையை நீட்டினான். குறுக்கே வந்து நின்றார் ஏலக் கணக்கர்.

"உட்கார்ந்த வரி ஒரு பணம். முரசு வரி இரண்டு. வாசல் தாண்ட இரண்டு. பொருளைப் பார்த்ததற்கு இரண்டு. ஆக ஏழு பணம் வையுங்கள்."

"பார்த்ததற்குமா?"

"கண் இரண்டாயிற்றே, மகாராஜா."

மடியில்தான் ஒன்றும் இல்லையே! வரி கட்ட முடியாதவன் ஏலப் பொருளைத் தலையில் வைத்துக்கொண்டு ஒரு நாழிகை வெயிலில் நிற்க வேண்டும், பொருளும் கிடையாது. அதுதான் ஏலச் சட்டம். ராஜா நின்றான். தலையில் குதிரை. கூட்டத்தில் நின்ற யானைப்பாகன் சிரிப்பை அடக்க ஓயாமல் இருமினான்.

பத்துப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். அடுத்தது கிளி. குதிரையைவிட அழகு. ராஜா விரலை மடக்கி மடக்கிப் பார்த்தான். "ஒன்று... இரண்டு... மூன்று." நிறுத்திவிட்டான்.

"அப்புறம், சாமி?"

"அவ்வளவுதான்."

"என் கிளியை அவமானப்படுத்துறீங்களா?"

முற்றமே ராஜாவைத் திரும்பிப் பார்த்தது.

"என்ன அவமானம்? பத்தே கொடுக்கலாம் இதற்கு! அந்தக் கணக்கனுக்கு ஏழு எடுத்துவைக்க வேண்டாமா? மிச்சம் மூன்றுதானே..." ராஜாவின் வாய் திறந்தபடியே நின்றது.

"அதையேதான் நானும் செஞ்சேன் சாமி. மயிலுக்குன்னு பத்துப் பணம் கொண்டாந்தேன். வரியெல்லாம் சாமான் வாங்குறவன் தலையிலன்னு நெனச்சு வச்சிருக்கீங்க. ஆனா அது விக்கிறவன் மடியிலதான் கை வைக்குது. இன்னிக்கு வித்தது நீங்க."

"அந்த ஏழும் என் கஜானாவுக்குத்தானே வரும்?"

"வந்துச்சான்னு கேளுங்க."

ராஜா திரும்பினான். "சபேசரே, மயிலுக்கு ஏழு பணம் வரி கட்டினீரா?"

"அதிகாரிகளுக்கு விலக்கு உண்டு, மகாராஜா..."

"எந்த மடையன் எழுதிய விலக்கு?"

சபேசர் தரையைப் பார்த்தார். "முத்திரை தங்களுடையது," என்று முனகினார்.

"அன்றைக்கு எனக்குப் பசித்திருக்கும்!"

"எல்லாரும் மூணுல நிக்கணும், இவர் நாலுன்னு சொன்னாப் போதும்," என்றாள் அங்காயி. "இப்படித்தான் நாப்பது சேர்ந்துச்சு."

ராஜா அங்கேயே தீர்ப்புச் சொன்னான். இனி முரசுக்கு ஒரு பணம், வேறு வரி கிடையாது. விலக்கு யாருக்கும் இல்லை, ராஜாவுக்கும். சபேசர் நாற்பதுக்கும் பழைய வரியைக் கட்ட வேண்டும். இல்லையென்றால் நாற்பதையும் தலையில் வைத்துக்கொண்டு நிற்க வேண்டும். இருநூற்றெண்பது பணம். மறுநாளே கட்டிவிட்டார். வெயில் அப்படி.

வரி கட்டாத மயிலைச் சபேசரிடமிருந்து வாங்கி, நாலு பணத்தைத் திருப்பிக் கொடுத்து, அன்றைக்கே மறுபடியும் ஏலம் விட்டார்கள். அங்காயி எடுத்த எடுப்பிலேயே "ஒம்போது" என்றாள். சபேசர் மடியைத் தடவினார். நாலு பணம்தான் கொண்டுவந்திருந்தார். அதற்கு மேல் அவருக்கு எப்போது தேவைப்பட்டது? ஒன்பது ராஜாவுக்கு, ஒன்று முரசுக்கு. அங்காயியின் பத்தும் தீர்ந்தது, மயில் அவள் கைக்கு வந்தது.

"வெகுமதியாக என்ன வேண்டும்?" என்றான் ராஜா.

"என் பெட்டி என் வண்டியிலேயே இருக்கட்டும் சாமி. அது போதும்."

ராஜா தலையசைத்தான். ஆனால் கண் மயிலைவிட்டு நகரவில்லை. அங்காயிக்குச் சிரிப்பு வந்தது. ஒரு கொட்டைப்பாக்கை எடுத்து, மயில் வாயில் வைத்து வெட்டி நீட்டினாள். ராஜா விரலை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு, மற்ற கையால் வாங்கி மென்றான்.

"இதற்கு வரி எவ்வளவு?" என்றான்.

"மென்னதுக்கு ஒண்ணும் இல்ல. இவ்வளவு நேரம் பார்த்தீங்களே, அதுக்கு ரெண்டு பணம்."

ராஜா விழுந்து விழுந்து சிரித்தான். வாயில் ஏதோ போட்டுவிட்டான் அல்லவா, நல்லவனாகத்தான் இருந்தான்.