ராக்காயி கேட்ட நாலு கேள்வி

‘புரியவில்லை’ என்று வாய்விட்டுச் சொன்னால் மானம் போய்விடும் என்று முதன்முதலில் எவன் கிளப்பிவிட்டானோ, எல்லாம் அவன் செய்த வேலை! முன்னொரு காலத்தில் சங்குமுகப் பட்டணத்தை ஆண்டுவந்த அதிரவர்ம ராஜாவின் காதிலும் அவன்தான் ஓதியிருக்க வேண்டும். ராஜா ஒரு சட்டம் போட்டார்: சபையில் யாராவது ‘அப்படியென்றால் என்ன?’ என்று கேட்டால், தலைப்பாகையைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே நடக்க வேண்டியதுதான். அன்றிலிருந்து சபை முழுக்கத் தலையாட்டல்.

ஒருநாள் ஸ்பெயின் தேசத்துக் கப்பல் ஒன்று வந்தது. அதன் தலைவர் இக்னாசியோ சபைக்கு வந்து, பத்துக் குதிரைகள் தருகிறேன், பதிலுக்குப் பத்து வருஷம் ‘போசோ’ வேண்டும் என்று ஸ்பானிஷில் சொன்னார்.

ஸ்பானிஷில் ஆயிரம் சொல் மனப்பாடம் என்று பீற்றிக்கொள்கிறவர் ஆஸ்தானப் பண்டிதர் சொக்கேசர். அந்த ஆயிரத்தில் ‘போசோ’ இல்லை. அதற்காகச் சும்மா இருப்பாரா?

“பூமாலை கேட்கிறார் மகாராஜா, தினம் ஒன்று!”

“பூமாலைக்குக் குதிரையா? எழுது ஓலையை!” என்று துள்ளினார் ராஜா.

அரண்மனைக்குக் கருவாடு கொண்டுவந்து வாசலில் நின்ற மீனவப் பெண் ராக்காயி, இதைக் கேட்டதும் கூடையைக் கீழே இறக்கினாள். மீனவர் குப்பத்துக்கு இருக்கிற ஒரே நல்ல தண்ணீர்க் கிணற்றைச் சுற்றி, கப்பல்காரர்கள் கயிறு பிடித்து அளந்ததை அவள் காலையில்தான் பார்த்திருந்தாள். பூமாலைக்கு எதற்கடா கயிறு? முன்பு வந்த ஸ்பெயின் கப்பலில், ஒருதரம் கேட்கக் கூச்சப்பட்டு, எண்ணெய் என்று நம்பிப் புளித்த காடிப் பீப்பாயை வாங்கி ஏமாந்தவள் அவள். அந்தக் கோபத்தில் மாலுமிகளிடம் நாலே நாலு கேள்வி கற்றுவைத்திருந்தாள்.

“நிறுத்துங்க ராஜா! ஒரு கேள்வி இருக்கு!”

“கேள்வியா? கழற்றடி தலைப்பாகையை!” என்று சீறினார் சொக்கேசர்.

“இருந்தாத்தானே சாமி கழற்ற? கூடை சுமக்கிற சும்மாடுதான் இருக்கு. வேணுமா?”

ராஜா சிரித்துவிட்டார். “சரி, கேள்.”

ராக்காயி கப்பல் தலைவரிடம் திரும்பினாள். “கே சிக்னிஃபிகா போசோ?” போசோ என்றால் என்ன அர்த்தம்?

அவர் கடகடவென்று பொரிந்து தள்ளினார். “மாஸ் தெஸ்பாசியோ!” மெதுவாச் சொல்லமாட்டீரா என்று அதட்டினாள். அவர் மெதுவாகச் சொல்லிக்கொண்டே, குனிந்து எட்டிப் பார்த்து, கயிறு விட்டு, வாளி இழுத்து, தண்ணீர் குடித்துக் காட்டினார்.

“கிணறு ராஜா! எங்க கிணறு!”

“அது பூப்பறிக்கிற சைகை! கருவாட்டுக்காரிக்கு என்ன தெரியும்?” என்றார் சொக்கேசர்.

“எனக்கு ஒண்ணும் தெரியாது சாமி. நீங்களே சொல்லுங்க, ‘கொம்பலீகா’ன்னா என்ன?”

“சந்தனக் கிண்ணம்!”

“கே சிக்னிஃபிகா கொம்பலீகா?” என்று அவள் இக்னாசியோவைக் கேட்டாள். அவர் தாடியைச் சொறிந்தார். தோளைக் குலுக்கினார். “நோ சே.”

“‘எனக்குத் தெரியாது’ங்கிறார் ராஜா. நான் இப்பத்தான் வாய்க்கு வந்ததை உளறினேன். அந்த ஊர்க்காரருக்கே தெரியாதது நம்ம பண்டிதருக்குத் தெரியுது பாருங்க!”

ராஜா பண்டிதரைத் திரும்பிப் பார்த்தார். சொக்கேசர் தானாகவே தலைப்பாகையைக் கழற்றினார். ஓலை கிழிந்தது. கிணறு குப்பத்துக்கே, கப்பல்காரர்களும் வரிசையில் நின்று இறைத்துக்கொள்ளலாம், அதற்கு மூன்று குதிரைகள் என்று ராக்காயியே சைகையில் பேரம் பேசி முடித்தாள். மொழிபெயர்த்துச் சொல்லும் துபாஷி வேலையும் அவளுக்கே கிடைத்தது.

மறுநாள் மந்திரிமார் கத்தரிக்காயும் செருப்புமாகக் கப்பலுக்கு ஓடி, ராக்காயியிடம் கற்ற மிச்ச இரண்டு கேள்விகளால், “கோமோ சே தீசே? கே எஸ் எஸ்தோ?” — இதை எப்படிச் சொல்வீர்கள், இது என்ன — என்று பிடுங்கியெடுத்தார்கள். சட்டமும் ஒழிந்தது.

கிளப்பிவிட்டவன் மட்டும் இன்னும் அகப்படவில்லை. அடேய், எந்த மூலையில் ஒளிந்திருந்தாலும் சரி, வெளியே வா! தண்டோராவை நீயே கழுத்தில் மாட்டிக்கொண்டு, தெருத்தெருவாகப் போய், ‘நான் சொன்னது தப்பு, புரியாவிட்டால் கேளுங்கள்’ என்று கத்திவிட்டுப் போ!