செவந்தி செதுக்கிய பறவைகள்

முன்னொரு காலத்தில், ஏழு ஆறுகள் ஓடிய மருதபுரி நாட்டில் வேலப்பன் என்று ஓர் ஓடக்காரன் இருந்தான். அவன் மனைவி செவந்தி கரையில் மீன் விற்பவள்.

ஒரு நாள் காலையில் சடாமுண்டன் என்ற மந்திரவாதி வந்தான்.

"ஏய் ஓடக்காரா, என்னை உடனே அக்கரையில் விடு!"

ஓடத்தில் ஒரு பெண் பிரசவ வலியில் துடித்துக்கொண்டிருந்தாள்.

"கொஞ்சம் பொறுங்கய்யா. இவங்களை மருத்துவச்சிகிட்ட சேர்த்துட்டு வந்துடறேன்" என்றான் வேலப்பன்.

சொன்னபடியே சேர்த்துவிட்டுத் திரும்பி வந்தான். சடாமுண்டன் கைத்தடியால் அவன் தோளைத் தொட்டான். அவ்வளவுதான்! நின்ற இடத்திலேயே வேலப்பன் மரச்சிலையாகிவிட்டான்.

செவந்தி ஓடிவந்து காலில் விழுந்தாள். மந்திரவாதிக்கு அது வேடிக்கையாக இருந்தது.

"மரமாய்ப் போனவனை மரம் செதுக்கித்தான் மீட்கணும். உன் கையாலேயே மூன்று பொருள் செய். முதலில் ஒரு கரண்டி!"

செவந்தியின் கை மீன் அறுத்துப் பழகிய கை. செதிலை வாலிலிருந்து தலைப்பக்கமாக எதிர்த்துச் சுரண்டுவாளே, மரத்தையும் அப்படியே சுரண்டினாள். கட்டை படக்கென்று பிளந்தது. விரலில் ரத்தம்.

"போதுமா?" என்றான் சடாமுண்டன்.

"இன்னொரு கட்டை இருக்குதுய்யா."

அதுவும் பிளந்தது. பிளந்த துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மரத்தின் நார் ஒரு பக்கமாக ஓடியது. அதன் போக்கிலேயே கத்தியை மெல்ல ஓட்டினாள். சுருள் சுருளாகச் சீவல் விழுந்தது. ஆறாவது கட்டையில் கரண்டி வந்தது. கோணல்தான், ஆனாலும் ஒரு சொட்டுக் கஞ்சி ஒழுகவில்லை.

"அடுத்தது பம்பரம். நான் நூறு எண்ணும்வரை சுற்றணும்!"

அவள் செய்த பம்பரம் பத்து எண்ணுவதற்குள் தள்ளாடி விழுந்தது.

"போதுமா?"

"இன்னும் செதுக்கறேன்யா."

பம்பரத்தை ஆற்று நீரில் மிதக்கவிட்டாள். கனமான பக்கம் கீழே புரண்டது. அந்தப் பக்கத்தை மட்டும் இழை இழையாகச் சீவினாள். மறுபடி மிதக்கவிட்டாள், மறுபடி சீவினாள். மறுநாள் அது நூற்றிரண்டு எண்ணும்வரை நின்று சுற்றியது.

மந்திரவாதியின் முகம் கறுத்தது. கரையிலிருந்த ஒரு பாறைமேல் ஏறி உட்கார்ந்தான்.

"கடைசியாக ஒரு பறவை. அது பறக்கணும்! நீ பறக்க வைக்கும்வரை இந்தப் பாறையை விட்டு எழமாட்டேன். 'முடியாது' என்று சொல்பவர் தோற்றவர். என் கைத்தடிமேல் ஆணை! நீ சொன்னால் உன் புருஷன் விறகு."

"நீங்க சொன்னா?"

"நானா? நான் சொன்னால் இந்தக் கைத்தடி ஒடியட்டும், உன் புருஷன் உயிரோடு எழட்டும்" என்று எகத்தாளமாகச் சொன்னான்.

செவந்தி ஒரு குருவி செதுக்கினாள். பறக்கவில்லை. கொக்கு செதுக்கினாள். பறக்கவில்லை. மீன்கொத்தி செதுக்கினாள். அதுவும் பறக்கவில்லை.

"போதுமா?"

"இன்னொரு கட்டை இருக்குதுய்யா."

வெயில் கொளுத்தியது, அவள் செதுக்கினாள். மழை கொட்டியது, அவள் செதுக்கினாள். வாடை அடித்தது, அவள் செதுக்கினாள். ராவில் மட்டும் வேலப்பனின் மரக்கையைப் பற்றிக்கொண்டு சத்தமில்லாமல் அழுவாள். விடிந்ததும் கத்தியைத் தீட்டுவாள். தனக்குக் கஞ்சி காய்ச்சும்போது பாறைமேல் நடுங்கிக்கொண்டிருந்தவனுக்கும் ஒரு சிரட்டை கொடுப்பாள்.

ஏழு மாதமாயிற்று. கரையெல்லாம் மரப்பறவைகள். சடாமுண்டனுக்கு முதுகு ஒடிந்தது, கால் மரத்துப்போனது, தாடியில் பாசி பிடித்தது. செவந்தி நூறாவது கட்டையை எடுத்து மடியில் வைத்தாள்.

"இன்னுமா?" என்று அலறினான் அவன். "ஐயோ, இனி என்னால் முடியாது!"

படீரென்று கைத்தடி இரண்டாக ஒடிந்தது. அதிலிருந்த மாயமெல்லாம் கரைமேல் கொட்டியது. மரப்பறவைகள் சிறகடித்து எழுந்தன. குருவியும் கொக்கும் மீன்கொத்தியும் ஒன்றாய்க் கத்திக்கொண்டு ஆற்றைத் தாண்டிப் பறந்தன. மாயம் போன சடாமுண்டன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி நடையைக் கட்டினான்.

வேலப்பன் கண் விழித்தான். வானத்தைப் பார்த்தான்.

"செவந்தி, இத்தனை பறவை எங்கேயிருந்து வந்தது?"

"எல்லாம் நான் செஞ்சது" என்றாள் அவள். அப்போதுதான் வாய்விட்டு அழுதாள்.

அவர்கள் அன்றே ஓடத்தை நீரில் இறக்கினார்கள். நெடுநாள் சுகமாக வாழ்ந்தார்கள். கேட்ட நாமும் அப்படியே வாழ்வோம்.