கை எட்டாத இடத்து உண்ணி

குளக்கரை நாவல் தோப்பில் ஒரு குரங்குக் கூட்டம் இருந்தது. வெயில் ஏறியதும் குரங்குகள் ஜோடி ஜோடியாக உட்கார்ந்து, ஒன்றின் முதுகில் மற்றொன்று பேனும் உண்ணியும் பார்க்கும். கருக்கி என்ற மந்தி மட்டும் தன் முதுகை யாரையும் தொடவிட மாட்டாள்.

அவள் பெரிய தந்திரக்காரி. பேன் பார்க்கிற சாக்கில், அடுத்தவள் கன்னத்தில் ஒதுக்கி வைத்த பழத்தைப் பிடுங்கியிருக்கிறாள். சிறுத்தை வருகிறதென்று பொய்க்குரல் கொடுத்து, எல்லோரும் உச்சிக்கிளைக்கு ஓடியதும் கீழே கிடந்ததையெல்லாம் தனியாகத் தின்றிருக்கிறாள். 'நான் செய்வதைத்தானே எனக்கும் செய்வார்கள்' என்று அவளுக்குப் பயம்.

அந்தக் கோடையில் அவள் தோளுக்குப் பின்னால், கை எட்டாத இடத்தில் உண்ணிகள் ஏறின. மரத்தில் உரசினாள். சேற்றில் புரண்டாள். கேட்டவர்களிடம், "எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்" என்றாள். உடம்பில் இரத்தம் குறைந்தது. பாலும் குறைந்தது. மார்பில் தொங்கிய குட்டி சப்பிச் சப்பிப் பார்த்துவிட்டு அழுதது.

தண்ணீருக்கு இறங்கியபோது, தோப்பில் மேய வரும் எருமையைக் குளத்தோரம் பார்த்தாள். அதே தோப்பு, அதே உண்ணி. இது மட்டும் எப்படிப் பளபளவென்று இருக்கிறது? எருமையின் முகத்தில் ஒரு மைனா உட்கார்ந்து கொத்திக்கொண்டிருந்தது.

"ஏன் எருமையக்கா, கண்ணுக்குப் பக்கத்துல அலகு இருக்கே. குத்திடுச்சுன்னா?"

"ஒருதரம் குத்திச்சு. தலையை ஆட்டினேன், பறந்துபோச்சு. உண்ணி அப்படிப் போகுமா?"

கருக்கி குட்டியின் முகத்தைப் பார்த்தாள். பிறகு, முன்பு தான் பழம் பிடுங்கிய வெள்ளச்சியிடம் போய், முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்தாள்.

"என்னடி அதிசயம், நீயா?"

"கடிக்கணும்னா கடிச்சுக்கோ. முதல்ல உண்ணியை எடு. பிள்ளைக்குப் பால் இல்லை."

வெள்ளச்சி முடியை விலக்கினாள். "அடிப்பாவி, இத்தனையையும் வெச்சுக்கிட்டா நல்லாருக்கேன்னு திரிஞ்ச? என் பழத்தை நான் மறக்கலை. அசையாம உட்காரு."

ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். கடி இப்போது விழும், இப்போது விழும் என்று கருக்கி கண்ணை இறுக்கிக்கொண்டாள். விழவேயில்லை. மரத்தில் பழம் தீர்வதற்குள் அவளுக்குப் பால் ஊறியது. குட்டி வயிறு நிறையக் குடித்துவிட்டுத் தூங்கியது.

ஏமாற்றிப் பிழைப்பவர் எல்லோரையும் சந்தேகித்து, தன் நோவையும் மறைத்து உடம்பைக் கெடுத்துக்கொள்கிறார். வலிக்கிறது என்று வாய்விட்டுச் சொல்கிறவரே தேறுகிறார்.