பாதி ஊசி

"குருவே, நான் கிளம்புறேன். இத்தனை வருஷம் பாடுபட்டு என்னத்தைக் கண்டுபிடிச்சேன்? ஒரு மண்ணும் இல்ல."

சொன்னவர் டாக்டர் அருள்நம்பி. வயது ஐம்பத்திரண்டு. கேட்டுக்கொண்டிருந்த குரு டாக்டர் செசிலி. வயது நாற்பத்தொன்று.

சிரிக்காதீர்கள். சீடன் என்றால் குருவைவிடச் சின்னவனாகத்தான் இருக்கவேண்டும் என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது? அருள்நம்பி நெடுங்காலம் சொந்தமாக கிளினிக் வைத்திருந்தவர். நல்ல கூட்டம் வரும். ஒருநாள் அதைப் பூட்டிவிட்டு, அரசு ஆஸ்பத்திரியை ஒட்டி இருக்கும் ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்து, "எனக்கும் ஆராய்ச்சி சொல்லிக்கொடுங்கம்மா" என்று செசிலி முன்னால் நின்றார்.

குருவே என்று முதலில் கேலியாகத்தான் கூப்பிட்டார். கேலி எப்போதோ போய்விட்டது. கூப்பிடுவது மட்டும் நிற்கவில்லை.

"காபி குடிச்சீங்களா சார்?" என்றார் செசிலி.

"நான் என்ன சொல்றேன், நீங்க என்ன கேக்குறீங்க!"

"வெறும் வயித்துல நீங்க கோபப்பட்டா எனக்குத்தான் ஆபத்து. அதான் கேட்டேன்."

அருள்நம்பி உட்காரவில்லை.

அவர் செய்த ஆராய்ச்சி என்ன என்று சொல்லிவிடுகிறேன். பெரிய வித்தை ஒன்றும் இல்லை. சில பிள்ளைகளுக்கு எலும்புக்குள் சீழ் பிடிக்கும். ஒருவகைக் கிருமி செய்கிற வேலை. அறுத்துச் சுத்தம் செய்துவிட்டு ஆறு வாரம் தினமும் ஊசி போடவேண்டும்.

ஏன் ஆறு வாரம்? கேட்டால் ஆளுக்கு ஆள் முகத்தைப் பார்ப்பார்கள். முன்னால் இருந்தவர்கள் போட்டார்கள், நாங்களும் போடுகிறோம், அவ்வளவுதான்.

மூன்று வாரம் ஊசி போட்டுவிட்டு மிச்சத்துக்கு மாத்திரை கொடுத்தால் ஆகாதா? அருள்நம்பி கேட்டது இதைத்தான். பெற்றவர்களிடம் விஷயத்தைச் சொல்லி, சம்மதம் வாங்கி, சில பிள்ளைகளுக்குப் பழைய முறை, சில பிள்ளைகளுக்குப் புது முறை என்று வைத்தியம் நடந்தது. பிறகு நோய் திரும்பிவிட்டதா என்று பார்க்க வீடு வீடாகப் போனார். பஸ் போகாத ஊருக்கெல்லாம் உச்சி வெயிலில் மொபெட்டில் போனார். இரண்டு தடவை நாய் கடித்தது.

முடிவு என்ன? புது முறைப் பிள்ளைகளும் குணமாகியிருந்தார்கள். பழைய முறைப் பிள்ளைகளும் அதே அளவு குணமாகியிருந்தார்கள்.

"வித்தியாசம் இல்லை!" என்று கையை விரித்தார் அருள்நம்பி. "நேத்து சென்னையில ஒரு மருந்துக் கம்பெனிக்கு வேலை கேட்டுப் போயிருந்தேன். அங்க கேட்டாங்க, உங்க ஆராய்ச்சியில என்ன தெரிஞ்சுதுன்னு. வித்தியாசம் இல்லைன்னு தெரிஞ்சுதுன்னேன். எழவு வீட்டுக்காரனைப் பாக்குற மாதிரி பாத்தாங்க. ஒருத்தர் எந்திரிச்சு வந்து தண்ணி கொடுத்தார்."

செசிலிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சிரிங்க, நல்லாச் சிரிங்க. என்கூடப் படிச்ச வேதமுத்து புதுசா ஒரு ஊசி கண்டுபிடிச்சிருக்கான். பேப்பர்ல படம் போட்டிருக்கு. நான் ஊரார் வரிப்பணத்துல உக்காந்து, இருக்குற ஊசியில பாதி வேண்டாம்னு கண்டுபிடிச்சிருக்கேன். எந்தக் கம்பெனி இதுக்குக் காசு போடும்? எங்க மருந்தைப் பாதி வாங்கினாப் போதும்னு எவனாவது செலவழிச்சு நிரூபிப்பானா?"

"மாட்டான்."

"அதைத்தான் நானும் சொல்றேன்!"

"நானும் அதைத்தான் சார் சொல்றேன்."

அருள்நம்பி காதில் அது விழவே இல்லை. கோபத்தில் இருக்கிறவருக்கு அவர் பேச்சே கேட்காது, அடுத்தவர் பேச்சா கேட்கும்?

"அந்தக் கம்பெனியில அடுத்த மாசம் வந்து சேரச் சொல்லிட்டாங்க. நானும் சரின்னுட்டேன். இன்னையோட சரி."

செசிலியின் முகம் வாடிவிட்டது. இந்த மனிதரை அவருக்கு ரொம்பப் பிடிக்கும். போகாதீங்க என்று வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிக்கொண்டார்.

"நேத்து இங்க கமிட்டி கூடிச்சு," என்றார். "உங்க முடிவை ஒத்துக்கிட்டாங்க. இன்னைலேர்ந்து நம்ம வார்டுல அந்தக் கிருமிக்கு மூணு வாரத்துக்கு மேல ஊசி கிடையாது."

"ம்."

"பிள்ளைங்ககிட்ட யாராவது போய்ச் சொல்லணும்."

"நர்ஸ் சொல்லட்டுமே."

"நீங்க சொல்லுங்க."

"நான்தான் வேலையே வேண்டாம்னுட்டேனே!"

"சாயங்காலம் வரைக்கும் சம்பளம் உண்டுல்ல? போங்க சார். எனக்கு மீட்டிங் இருக்கு."

முணுமுணுத்துக்கொண்டே போனார்.

பிள்ளைகள் வார்டில் அது ஊசி நேரம். வராந்தாவில் ஊசித் தட்டு கிணுகிணுத்தால் போதும், உள்ளே அத்தனை பேச்சும் நின்றுவிடும். ஒருத்தன் கட்டிலுக்கு அடியில் போய்விடுவான். ஒருத்தி தூங்குவதுபோலப் படுத்திருப்பாள், இமை மட்டும் துடிக்கும்.

அந்த வார்டில் ஒரு வழக்கம் உண்டு. ஊசியை வலது பக்கம் போடுவதா, இடது பக்கம் போடுவதா என்று பிள்ளைதான் சொல்லவேண்டும். மற்றது எதுவும் அவர்கள் கையில் இல்லை. இது ஒன்றாவது அவர்கள் இஷ்டப்படி நடக்கட்டும் என்று நர்ஸ் எஸ்தர் கொண்டுவந்த வழக்கம்.

முதல் கட்டிலில் ஷம்சியா. ஏழு வயது. கணுக்காலிலிருந்து முழங்கால் வரை கட்டு. அவளுக்கு மூன்று வாரம் நேற்றோடு முடிந்திருந்தது.

வெள்ளைக் கோட்டைப் பார்த்ததும், "இன்னைக்கு இடது," என்றாள். "நேத்து வலது போட்டாச்சு."

"இன்னைக்கு எதுவும் இல்ல பாப்பா."

"இடது," என்று சொல்லிவிட்டுக் குப்புறப் படுத்துத் தலையணையைக் கட்டிக்கொண்டாள்.

"நெசமாத்தாம்மா. உனக்கு ஊசி முடிஞ்சுபோச்சு. இனிமே மாத்திரைதான்."

"பொய்." தலையணைக்குள்ளிருந்து சத்தம் வந்தது. "வலிக்கவே வலிக்காதுன்னும் நீங்கதான் சொன்னீங்க."

அருள்நம்பி அப்படிச் சொன்னது வாஸ்தவம்தானே.

"சீக்கிரம் போட்டு முடிங்க டாக்டர். பயமா இருக்கு."

அவர் உதவிக்கு அவளுடைய அம்மா ரஹ்மத்தைப் பார்த்தார். அங்கே வேறு கதை. அந்த அம்மா எழுந்து நின்றுவிட்டாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"ஏன் டாக்டர், மருந்து தீந்துபோச்சா?"

"இல்லம்மா."

"எங்களுக்குக் கொடுக்க வேண்டாம்னுட்டாங்களா? வெளிய வாங்கணும்னா சொல்லுங்க. தோடு கிடக்கு. ஆறு வாரம்னுதானே எல்லாருக்கும் போடுறீங்க, எம் பிள்ளைக்கு மட்டும் ஏன் பாதியில நிறுத்துறீங்க?"

"ஐயோ, அப்படி இல்லம்மா! பாதி போதும்."

"போதும்னு யாரு சொன்னா?"

அருள்நம்பி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"நான் பாத்தேம்மா. உங்க பொண்ணு மாதிரியே எத்தனையோ பிள்ளைங்க. ஒவ்வொரு பிள்ளை வீட்டுக்கும் போனேன். நடக்கச் சொன்னேன், ஓடச் சொன்னேன், ஒத்தக் காலுல நிக்கச் சொன்னேன். மூணு வாரத்தோட நிறுத்தின பிள்ளைங்களும் ஓடுது. ஆறு வாரம் போட்ட பிள்ளைங்களும் ஓடுது. வித்தியாசமே இல்லம்மா."

"வித்தியாசமே இல்லையா?"

"துளிகூட இல்ல."

ரஹ்மத் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பிறகு அழுகையும் சிரிப்புமாக மகள் முதுகில் ஒரு தட்டுத் தட்டினாள். "எந்திரிடி. டாக்டர் உண்மையைத்தான் சொல்றாரு."

அருள்நம்பி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடியும் துடைத்தார். அதில் தூசி ஒன்றும் இல்லை.

தலையணைக்கு மேலே ஒரு கண் மட்டும் தெரிந்தது.

"நாளைக்கு?"

"நாளைக்கும் இல்ல."

"வெள்ளிக்கிழமை?"

"என்னைக்கும் இல்ல."

"ஊசி இல்லடோய்!" என்று ஷம்சியா போட்ட சத்தத்தில் கட்டிலுக்கு அடியில் இருந்தவன் தலையை இடித்துக்கொண்டு வெளியே வந்தான். "எனக்கு சார்?" "எனக்கு எப்ப சார் முடியும்?" என்று அவர் கோட்டை ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து இழுத்தார்கள். உனக்கு நாலு நாள், உனக்கு அடுத்த வாரம் என்று அவர் ஒவ்வொருத்தருக்கும் சொன்னார். இப்படி ஒரு கூட்டம் கிளினிக்கில்கூட அவரைச் சூழ்ந்ததில்லை.

அந்தக் கூச்சலுக்கு நடுவே எஸ்தர் தட்டை எடுத்துக்கொண்டு கடைசிக் கட்டிலுக்குப் போனார். அங்கே இருந்த பெண் பூங்கோதை. பன்னிரண்டு வயது இருக்கும். வலதா இடதா என்றுகூடச் சொல்லாமல் திரும்பிப் படுத்து, சுவரைப் பார்த்துக்கொண்டாள்.

ஊசி இறங்கியது.

ஷம்சியாவின் சிரிப்பு நின்றுவிட்டது. "அந்த அக்காவுக்கு மட்டும் ஏன் போடுறாங்க?"

"அவங்களுக்கு வேற கிருமிம்மா."

"அவங்களுக்குப் பாதி போதாதா?"

"தெரியாது பாப்பா."

"உங்களுக்குத் தெரியாதா?"

"யாருக்குமே தெரியாது."

"ஏன்? நீங்க பாக்கலையா?"

அருள்நம்பி வாசல் பக்கம் திரும்பினார். மீட்டிங்குக்குப் போயிருக்கவேண்டிய செசிலி அங்கே நின்றுகொண்டிருந்தார்.

அருள்நம்பி ஒரு ஸ்டூலை இழுத்துக்கொண்டு கடைசிக் கட்டிலுக்குப் போனார்.

"உனக்கு எந்த ஊரு தாயி?"

பூங்கோதை சுவரிலிருந்து திரும்பாமலே ஊர்ப் பெயரைச் சொன்னாள். "அங்க பஸ்ஸெல்லாம் வராது சார். எதுக்குக் கேக்குறீங்க?"

"உங்க வீட்டுக்கு நான் வரணும்ல."