செங்கோடன் தேடிய லென்ஸ்

“ஏனுங் அம்மிணி, ஒரு லென்ஸ் பேரச் சொல்லச் சொன்னா, வாயில கொழுக்கட்டையா வெச்சிருக்கறீங்க?”

செங்கோடன் கேட்டார். வந்து உட்கார்ந்ததிலிருந்து நாலாவது தடவை.

நவமணி பாஸ்போர்ட் படங்களைக் கத்தரித்துக்கொண்டிருந்தாள். ஒரு வரிசையை முடித்து அடுத்த வரிசையை எடுத்தாள்.

கவுந்தப்பாடி கடைவீதியில் அவளுடையது சின்ன ஸ்டுடியோ. மற்ற கடைகளில் கல்யாண ஜோடிகள் சிரிக்கிற சுவரில், இங்கே அவள் எடுத்த படங்களில் எறும்பு முறைக்கும், ஈ கண்ணை உருட்டும், ஒவ்வொன்றும் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு. படம் எடுக்க வந்த குழந்தைகள் வீறிட்டு அழும். செங்கோடன் மட்டும் ஒருநாள் அந்தச் சுவர் முன்னால் அரைமணி நேரம் நின்றுவிட்டு, “எனக்கும் சொல்லிக் குடுங்க” என்றார். அவருக்கு அறுபத்தொன்று, அவளுக்கு முப்பத்துமூன்று. அன்றிலிருந்து அவள் குரு, அவர் சீடர். ஊர் சிரித்தது. சிரிக்கட்டும்.

சீடரின் கையில் ஒரு நோட்டு. நாலு மாதமாக யூடியூபைப் பார்த்துப் பார்த்து எழுதிய பட்டியல் அதில் இருந்தது. முதலில் இருக்கும், பூச்சியைப் பெரிதாக்கிக் காட்டுகிற மேக்ரோ லென்ஸின் விலைக்கு ஒரு கறவை மாடு வாங்கலாம். கடைசியில் இருப்பது மலிவு, ஆனால் நம்பலாமா தெரியவில்லை. நடுவில் இருப்பதை ஒருவன் ஆகா ஓகோ என்கிறான், இன்னொருவன் குப்பை என்கிறான். மனிதருக்கு மண்டை காய்ந்துவிட்டது.

அவசரமும் இருந்தது. முப்பத்தோரு வருடம் மின்கம்பம் ஏறிய லைன்மேன் அவர். அப்போதெல்லாம் நடுங்காத கை, போன தை மாதத்திலிருந்து நடுங்குகிறது. டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார், இது குறையாது, போகப் போகக் கூடும் என்று.

அவர் வீட்டுக் கிணற்றோரம் ஒரு புல்தண்டில், நீலப்பட்டை போட்ட தேனீ ஒன்று வாயால் தண்டைக் கவ்விக்கொண்டு தூங்கும். பொழுது சாயும்போது வரும், காலையில் வெயில் பட்டதும் போகும். அதன் கண்ணை ஒரே ஒரு தடவை தெளிவாகப் படம் பிடித்துவிட வேண்டும், கேமராவைத் தூக்க முடிகிற காலத்திலேயே. வேறொன்றும் கேட்கவில்லை அந்த மனிதர்.

நவமணி கத்தரியைக் கீழே வைத்தாள்.

“அந்தத் தேனீ உங்கள எவ்வளவு பக்கத்துல விடுதுங்கய்யா?”

“அதுதான் தூங்குதே. மூக்குக்கிட்ட வெரல நீட்டுனாலும் அசையாது.”

“அப்பப் பெரிய லென்ஸ் எதுக்கு? அது பக்கத்துல விடாத பூச்சிக்கு.”

அவருடைய பழைய கேமராவை வாங்கினாள். அதில் இருந்த சாதா லென்ஸைக் கழற்றினாள். மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு வளையத்தை எடுத்து, லென்ஸைத் திருப்பி, முன்பக்கம் உள்ளே போகிற மாதிரி மாட்டினாள்.

செங்கோடனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. “தலைகீழா மாட்டறதுக்கா நாலு மாசம் படிச்சேன்?”

“கொண்டுபோங்க. ஒரு இஞ்சு பக்கத்துல போனாத்தான் தெரியும். லென்ஸத் திருகாதீங்க, திருகிப் பிரயோசனமில்ல.”

மறுநாளே வந்து நின்றார்.

“நூத்திநாப்பது படம். ஒண்ணுகூடத் தெளிவில்ல. எல்லாம் கஞ்சித்தண்ணி. கேமராவ நிறுத்த ஸ்டாண்டு வாங்கட்டுமா?”

காய்வதற்காகக் கொடியில் மாட்டியிருந்த ஒரு படத்தின் பக்கம் நவமணி மேஜை விசிறியைத் திருப்பினாள். படம் படபடவென்று ஆடியது. அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

‘பைத்தியம் பிடிச்சுருச்சாட்ட இருக்குது’ என்று நினைத்துக்கொண்டு செங்கோடன் கிளம்பினார். நேராக ஈரோடு போய், இருப்பதிலேயே கனமான ஸ்டாண்டை வாங்கிவந்தார்.

அடுத்த நாள் காலை, ஸ்டாண்டு அசையவே இல்லை. கிணற்று மேட்டுக் காற்றில் புல்தண்டு ஆடியது. தண்டோடு தேனீயும் ஆடியது. அப்போதுதான் அவருக்கு அந்த மேஜை விசிறி ஞாபகம் வந்தது. அரை மணி நேரத்தில் வெயில் வந்தது, தேனீ போய்விட்டது.

அதற்கடுத்த நாள் ஸ்டாண்டை மூலையில் வீசிவிட்டு, வலது மணிக்கட்டைத் துண்டால் இறுகக் கட்டினார். மூச்சைப் பிடித்தார். கை நிற்கட்டும், நின்றதும் அமுக்கலாம் என்று காத்திருந்தார். கை நிற்கவில்லை. மூச்சுதான் முட்டியது.

ஒன்பது மணிக்கெல்லாம் ஸ்டுடியோவில் கேமரா, வளையம், ஸ்டாண்டு, நோட்டு எல்லாவற்றையும் மேஜைமேல் பரப்பினார்.

“போதும் அம்மிணி. உங்க கை நல்ல கை, உங்களுக்கு ஓட்டைக் கண்ணாடியக் குடுத்தாலும் வரும். என் கையப் பாருங்க!”

நீட்டினார். கை நடுங்கியது. அவருக்கு வெட்கமாகவும் இருந்தது, அவள்மேல் ஆத்திரமாகவும் இருந்தது.

நவமணி அந்தக் கையைப் பார்த்தாள். “நாளைக்குக் காத்தால ஆறு மணிக்கு உங்க கெணத்துக்கு வாறேன்” என்றாள்.

வந்தாள். ஸ்கூட்டரை வரப்பில் நிறுத்தினாள். பையிலிருந்து ஒரு ஐஸ்கிரீம் டப்பா மூடியை எடுத்தாள். வெள்ளை மூடி, நடுவில் வட்டமாக வெட்டியிருந்தது. ஃபிளாஷ் வெளிச்சம் பரவலாக விழ அதை லென்ஸில் கோத்து, கேமராவின் ஃபிளாஷைத் தூக்கிவிட்டாள். ஈரத்தில் முழங்காலைப் போட்டு, தேனீக்கு ஒரு இஞ்சு பக்கத்தில் கேமராவைக் கொண்டுபோனாள்.

செங்கோடன் அவள் கையையே பார்த்தார். கல்லு மாதிரி நிற்கும் என்று எதிர்பார்த்தார்.

நிற்கவில்லை.

அவள் தோள் முன்னால் போனது, பின்னால் வந்தது. மறுபடி முன்னால், மறுபடி பின்னால். கேமராவும் கூடவே போய்ப் போய் வந்தது. போகும்போதும் வரும்போதும் பளிச், பளிச்சென்று ஃபிளாஷ் வெட்டியது.

அவருக்குச் சுருக்கென்றது.

“என்னுங் அம்மிணி, என்ர கையக் கேலி பண்றீங்களா?”

அவள் திரும்பவில்லை. நாற்பது படம் எடுத்து முடித்துத்தான் எழுந்தாள். ஒவ்வொன்றாகக் காட்டினாள். கலங்கல், கலங்கல், கலங்கல். முப்பதைத் தாண்டி ஒன்றில் கண் வந்தது, பாசிப்பச்சையில், கட்டம் கட்டமாக, ஒரு கட்டம்கூட விடாமல்.

செங்கோடன் திரைமேல் குனிந்தார். அவர் கண்ணெதிரிலேயே அவள் அதை அழித்தாள்.

“அய்யோ! ஏனுங்?”

“அது நான் புடிச்சது.”

“செரி, ஏன் அப்புடி ஆட்டுனீங்க? அதச் சொல்லுங்க மொதல்ல!”

“தெளிவாத் தெரியற எடம் ஒரு நூல் கனந்தானுங்கய்யா. அதுல நிறுத்தி வெக்க எந்தக் கையாலயும் ஆகாது. கை அதத் தாண்டித் தாண்டித்தான் போகும். தாண்டறப்ப அமுக்கோணும். ஆட்டத்த ஃபிளாஷ் உறைய வெச்சுரும்.”

அவர் மணிக்கட்டில் அன்றும் துண்டு கட்டியிருந்தது. அவள் அதை அவிழ்த்தாள். நடுங்குகிற அந்தக் கையில் கேமராவை வைத்தாள்.

“இப்புடி ஆடப் பழகறதுக்கு எனக்கு ரெண்டு வருசம் ஆச்சுங்கய்யா.”